ஆடு தின்கிறது என்பதால் நல்ல தழை ஆகிவிடாது

அபிராமம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது:

‘‘எங்களிடம் எட்டு வெள்ளாடுகள் உள்ளன. தை மாதத்திலிருந்து மூன்று ஆடுகள் மெலிந்துகொண்டே போகின்றன. தீனிக்குத் தலையை நீட்டினால் தலை ஆடுகிறது. விரட்டினால் பின்னங்கால் பின்னி விழுந்துவிடுகின்றன. குடற்புழு மருந்து கொடுத்தோம், கேட்கவில்லை. மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. வீட்டுத் தோட்டத்துக்கு நெய்வேலிக் காட்டாமணக்குதான் வேலி. முன்பெல்லாம் அதைத் தொடாத ஆடுகள் இப்போது ஆசையாகத் தின்கின்றன. அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ஆடு தின்கிற செடி விஷமாக இருக்காது என்கிறார் என் மாமியார். ஆடுகளை விற்றுவிடலாமா? அதில் ஒன்று கறவையில் இருக்கிறது. சின்னவனுக்கு அந்தப் பால்தான் கொடுக்கிறேன்.’’

சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கடைசி வரிக்கு முதலில் பதில்: அந்த ஆட்டின் பாலை இன்றே நிறுத்திவிட வேண்டும். பிள்ளைக்கும் வேண்டாம், குட்டிக்கும் வேண்டாம். இந்தச் செடியின் நஞ்சு பாலில் வரக்கூடியது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்கக் கூடாது.

மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆட்டின் நாக்கை நம்பித்தான் நம்மவர்கள் செடிக்குப் பெயரே வைத்தார்கள். ஆடு தொடாத இலை ஆடாதோடை ஆனது. கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளைக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் வாழ்ந்த ஆட்டுக்கும் செடிக்கும் இடையில் உண்டான பழக்கம் அது. நெய்வேலிக் காட்டாமணக்கு இந்த மண்ணின் செடி இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவரப்பட்டது. அந்தப் பழைய சோதனை இதனிடம் செல்லாது.

முதலில் இந்தச் செடியும் ஆட்டுக்குப் பிடிப்பதில்லை. கண்மாயில் தண்ணீரும் வரப்பில் புல்லும் இருக்கும்வரை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். தை பிறந்து வாடைக்காற்று நின்று, மேய்ச்சல் நிலம் காய்ந்தபின் ஊரில் பச்சையாக நிற்பது மூன்று நான்கு செடிகள்தான். பசி தாங்காமல் ஓர் ஆடு வாய் வைக்கும். வைத்த ஆடு மறுநாளும் தேடிப்போகும். பிறகு நல்ல தழை கிடைத்தாலும் இதை விடாது. அது தின்பதைப் பார்த்து மற்ற ஆடுகளும் பழகிக்கொள்ளும். பிரேசில் நாட்டில் ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: பழகிய ஆடுகளோடு சேர்த்து மேயவிட்ட புது ஆடுகளும் இந்தச் செடியைத் தின்னக் கற்றுக்கொண்டன. அங்கே வடகிழக்குப் பகுதி நம் இராமநாதபுரம் மாதிரி வறண்ட சீமை, வெள்ளாடுதான் ஏழைக்கு வங்கி. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டிலும் வெள்ளாடுகள் இதே செடியால் இதே மாதிரி தள்ளாடிய வரலாறு உண்டு.

செடியை அடையாளம் காண்பது எளிது. ஆளுயரத்துக்கு மேல் வளரும். இலை நீண்ட இதய வடிவம், நுனி கூர்மை. பூ இளஞ்சிவப்பு கலந்த கத்திரிப்பூ நிறத்தில் புனல் போல விரியும். சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பூவைப் பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், இரண்டும் ஒரே இனம். தண்டை ஒடித்தால் பால் கசியும். ஒடித்த தண்டு ஈர மண்ணில் விழுந்தால் அங்கேயே வேர் விடும். ‘காட்டாமணக்கு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால், எண்ணெய் விதை காய்க்கும் அசல் காட்டாமணக்கோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. அதன் ஆபத்து வேறு வகை. அது பற்றிக் கீழே வருகிறது.

நெய்வேலிக் காட்டாமணக்கில் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு இருக்கிறது. செடியோடு சேர்ந்து வாழும் ஒரு பூஞ்சைதான் அதை உண்டாக்குகிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அன்றாடக் கழிவைச் சிதைக்கிற சிறு பகுதி ஒன்று உண்டு. ஸ்வைன்சோனின் அதன் வேலையைத் தடுத்துவிடுகிறது. குப்பை வண்டி வராத தெரு மாதிரி செல்லுக்குள் கழிவு சேர்ந்துகொண்டே போகும். மூளையில், அதிலும் நடையையும் சமநிலையையும் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையில், இது முதலில் வெளியே தெரியும். அதனால்தான் ஒரு நாள் தின்றால் ஒன்றும் ஆவதில்லை. பல வாரம் தின்றபின் மெலிவு, முரட்டு மயிர், தலை நடுக்கம், பின்னங்கால் பின்னல், கண் உருளல் என்று ஒவ்வொன்றாக வரும். சினை ஆடு குட்டியை வீசிவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேறொரு செடியில் இதே நஞ்சு இருக்கிறது. அதைத் தின்ற மாடும் குதிரையும் பித்துப் பிடித்ததுபோல நடந்துகொள்வதைப் பார்த்து, அங்குள்ளவர்கள் அதற்குப் ‘பைத்தியச் செடி’ என்ற பொருளில் லோகோ என்று பெயர் வைத்தார்கள். மந்திரிக்கத் தோன்றியதில் வியப்பில்லை.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. புளிக்கரைசலோ கருப்பட்டித் தண்ணீரோ கேட்காது. செடியிலிருந்து ஆட்டைப் பிரிப்பது ஒன்றே வைத்தியம். மூன்று ஆடுகளையும் கொட்டிலில் கட்டி வேறு தீனி கொடுக்க வேண்டும். உளுந்தம் பொட்டு, கடலைக்கொடி, சோளத்தட்டை, வேப்பந்தழை, எது கையில் இருக்கிறதோ அது. நடுக்கம் புதிதாக வந்த ஆடு சில வாரங்களில் தேறிவிடும். நீண்ட நாள் தின்று நடை முற்றிலும் கெட்ட ஆடு முழுதாகத் தேறாது, உடம்பு ஏறினாலும் தள்ளாட்டம் நின்றுவிடும். மூன்றில் எது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டாயம் காட்ட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துள்ளுமாரி நோயிலும், மூளையில் நீர்க்கட்டி விழுந்தாலும், சில வைட்டமின் குறைவிலும் ஆடு இப்படித் தள்ளாடும். அவற்றில் சிலவற்றுக்கு மருந்து இருக்கிறது. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

விற்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: தள்ளாடும் ஆட்டை இப்போது அறுப்புக்கு விற்பது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம். விற்றாலும் பாதி விலைகூட வராது. தீனி மாற்றி, மருத்துவர் பார்த்து, ஆடு தேறியபின் முடிவு செய்யலாம். நல்ல நிலையில் உள்ள ஐந்து ஆடுகளையும் அன்றிலிருந்தே அந்த வேலிப்பக்கம் விடக் கூடாது. அவை இன்னும் பழகாமல் இருந்தால் அதுவே பெரிய ஆறுதல்.

அடுத்தது வேலி. மாசி பங்குனியில், மண் காய்ந்திருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வெட்டினால் வெட்டிய ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகிவிடும். மேலே வெட்டி எடுத்துவிட்டு, தூரை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வேரோடு தோண்ட வேண்டும். வெட்டிய தண்டைக் கண்மாய்க்குள்ளோ வாய்க்காலிலோ வீசக் கூடாது. இன்று கண்மாய்கள் முழுக்க இது நிற்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். காய்ந்த கட்டாந்தரையில் விரித்துப் போட்டு, ஒடித்தால் முறியும் அளவுக்குச் சருகான பிறகு எரித்துவிடலாம். வாடிய தழையும் நஞ்சுதான். அது காயும்வரை ஆடு அந்தப் பக்கம் போகாமல் முள் வெட்டிப் போட வேண்டும். பந்தல் காலுக்கும் அவரைக்கொடிக்கு ஊன்றவும் இந்தத் தண்டை எடுக்கவே கூடாது. ஊன்றிய இடத்தில் துளிர்த்துவிடும். முதல் மழைக்குப் பிறகு விட்டுப்போன வேரிலிருந்து முளை வரும். விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் இரண்டு ஆண்டில் தோட்டம் சுத்தமாகும்.

தோட்டம் சுத்தமானாலும் கண்மாயில் நிற்பது நிற்கத்தான் செய்யும். அது ஒரு வீட்டு வேலை அல்ல. சுற்றியுள்ள ஊராட்சிகளில் மே 1 கிராமசபை கூடும்போது கண்மாய் வறண்டிருக்கும். அன்று இதைத் தீர்மானமாக எழுதி வாங்கலாம். அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதில் காடுகளைப் பற்றிய பேச்சுதான் அதிகம். கண்மாய்க்கும் கொல்லைக்கும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது? கிளுவை இருக்கும்போது வேறு யோசனை எதற்கு! ஆடி ஆவணியில் போத்து வெட்டி வைத்து, ஐப்பசி மழையில் துளிர்க்கவிட்டால் இரண்டு ஆண்டில் நாய் நுழையாத வேலி. ஆடு தின்றாலும் கேடில்லை. ஆள் உயரத்தில் அடைப்பு வேண்டுமானால் இடையில் கொடுக்காப்புளி வைக்கலாம். கிணற்றடி ஈரத்தில் நாலு அகத்தியும் ஒரு பாத்தி வேலிமசாலும் இருந்தால் கோடையில் ஆடு விஷத் தழையைத் தேடிப்போக வேண்டிய அவசியமே வராது. உண்மையில் செடியை வெட்டுவதைவிட இந்தக் கோடைத் தீனிதான் முக்கியம். பசித்த ஆடு ஒன்றை விட்டால் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிடும்.

இனி அசல் காட்டாமணக்கு. 2000-களின் நடுவில், டீசலுக்கு மாற்று என்று ஊர் ஊராகக் கன்று கொடுத்து நடச்சொன்ன செடி அது. சொன்ன மகசூல் வரவில்லை, வாங்க ஆளும் இல்லை. தோட்டமாக வைத்தவர்கள் அழித்துவிட்டார்கள், வேலியில் வைத்தது மட்டும் நின்றுவிட்டது. ஆடு இதைத் தொடாது, ஆகவே ஆட்டுக்குப் பயமில்லை. பயம் பிள்ளைகளுக்குத்தான். காய் முற்றி வெடித்தால் உள்ளே கறுத்த விதை. உடைத்தால் வெள்ளைப் பருப்பு, வேர்க்கடலை போலச் சுவையாக இருக்கும். பள்ளிக்கூடத்து வேலியோரம் பறித்துத் தின்ற பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போன செய்தி தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வருகிறது. ஒரு பிள்ளை ‘பாதாம்’ என்று சொல்லிக் கொடுத்தால் பத்துப் பிள்ளைகள் தின்றுவிடும்.

அப்படி நேர்ந்தால் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி, கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழைக்க வேண்டும். தின்ற காயையும் ஒரு கிளையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் சொல்ல வேண்டும். ‘காட்டாமணக்கு’ என்று வாயால் மட்டும் சொன்னால், மேலே சொன்ன பெயர்க் குழப்பத்தால் மருத்துவருக்கு எது என்று புரியாமல் போகலாம். சரியான நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றிரண்டு நாளில் தேறிவிடுகிறார்கள்.

வாசலில் பூவுக்காக வைக்கும் அரளியும் மஞ்சள் அரளியும் இதைவிடக் கடுமையானவை. அவற்றின் நஞ்சு நேரே இதயத்தைத் தாக்கும். கவாத்து செய்த அரளிக் கிளையை மாட்டுத் தொழுவத்தின் பக்கம் போட்டுவிட்டு மாட்டைப் பறிகொடுப்பது நடக்கிறது. காய்ந்த இலையும் அதே அளவு ஆபத்து. மஞ்சள் அரளி காய் பிடிக்கும் முன் பூவைக் கிள்ளிவிடலாம். சிறு பிள்ளை உள்ள வீட்டில் அது இல்லாமலே இருப்பது மேல். கரிசலில் பனிக்காலத்தில் முளைக்கும் பிரமதண்டை எல்லோருக்கும் தெரியும்: முள் இலை, மஞ்சள் பூ, மஞ்சள் பால். அதன் விதை பார்வைக்குக் கடுகு. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்ததால் கால் வீங்கி மூச்சுத் திணறி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோட்டத்தில் இரண்டு பாத்தி கடுகு போடுகிறவர்கள் அறுவடைக்கு முன் ஒருமுறை நடந்து பார்த்து இதைப் பிடுங்கிவிட வேண்டும். கலந்தபின் முறத்தில் பிரிக்க வராது.

இயற்கை வேளாண்மை செய்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை’ என்று பார்த்துத்தானே பூச்சிவிரட்டிக்கு இலை பறிக்கிறோம், எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் எங்கே போவது? நொச்சி, வேம்பு, எருக்கு, ஆடாதோடை இருந்தால் போதும், இவை நம்மோடு பழகிய செடிகள். ஊமத்தையோ நெய்வேலிக் காட்டாமணக்கோ சேர்த்தே தீருவேன் என்பவர்கள் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஊறிய சக்கையைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், எருக்குழியின் மேல் கொட்டினால் ஆடு தேடி வந்துவிடும். இலை இடித்த உரலையும் ஊறவைத்த பானையையும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இனி இதே பொருளில் வந்திருக்கும் வேறு கேள்விகள் சில.

கேள்வி: பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைத்து அடிக்கச் சொல்கிறார்கள். மிளகாய்க் கொல்லையில் அடிக்கலாமா?

வேண்டாம். அந்தப் பரிந்துரை தரிசுக்கும் சாலையோரத்துக்கும் உரியது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்ணிலும் கிணற்றிலும் ஏற்கெனவே இருக்கிற உப்பே பல இடங்களில் அதிகம். அதில் இன்னும் உப்பைக் கொட்டினால் பார்த்தீனியம் போகும், அடுத்த மிளகாயும் போகும். பூக்கும் முன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதே நல்லது. கையுறை இல்லாவிட்டால் பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே தோல் அரிப்போ இளைப்போ உள்ளவர்கள் இந்த வேலைக்கே போகக் கூடாது. பூத்த செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டால் விதை பரப்பிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

கேள்வி: பூச்சியை விட்டுச் செடியை ஒழிக்க முடியாதா? அந்தக் காலத்தில் சப்பாத்திக்கள்ளியை அப்படித்தான் ஒழித்தார்கள் என்று தாத்தா சொல்வார்.

தாத்தா சொன்னது உண்மை. 1920-களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு மாவுப்பூச்சி, தென்னிந்தியாவில் நிலத்தை அடைத்துக்கொண்டு நின்ற சப்பாத்திக்கள்ளியைச் சில ஆண்டுகளில் அழித்தது. பார்த்தீனியத்துக்கும் 1984-இல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டு பெங்களூருக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. மழைக்காலத்தில் அது இலையைத் தின்கிறது, நம் வெயிலில் மண்ணுக்குள் போய் ஒடுங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பார்த்தீனியம் முந்திக்கொள்ளும். நெய்வேலிக் காட்டாமணக்குக்கு எதிராகக் கொண்டுவரப்படும் பூச்சி சர்க்கரைவள்ளியையும் வள்ளைக்கீரையையும் தின்னாது என்று யார் உறுதி சொல்வது? ஒரே இனம் என்று மேலே சொன்னதன் சிக்கல் இதுதான். அதற்கு மண்வெட்டிதான்.

கேள்வி: சீமைக்கருவேல் நெற்றை ஆட்டுக்குக் கொடுக்கலாமா? அது காற்றையே விஷமாக்குகிறது, மாட்டை மலடாக்குகிறது என்று கைபேசியில் வருகிறதே?

காற்றை விஷமாக்குகிறது, மலடாக்குகிறது என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. கண்மாயை அடைத்துக்கொள்வதும், தண்ணீருக்காக ஆழமாக வேர் விடுவதும், வேறு செடியை வளரவிடாததுமே அதன் மேல் வைக்கப் போதுமான குற்றம். நெற்று சத்துள்ள தீனிதான். ஆனால் வேறு எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு கெட்டு, மெல்ல முடியாமல் நாக்குத் தொங்கிவிடுகிறது. ஆகவே மொத்தத் தீனியில் நெற்று கால் பங்குக்குள் இருக்கட்டும். முழு நெற்றாகப் போடாமல், வெயிலில் காயவைத்து விதையோடு இடித்துப் போட வேண்டும். முழு விதையை விழுங்கும் ஆடு அதைப் புழுக்கையில் விதைத்துக்கொண்டே போகும். அடுத்த ஆண்டு மிளகாய்க் கொல்லையில் அதை யார் பிடுங்குவது?

வாசகிக்கு இன்னும் ஒன்று. கறவை ஆடு செடியை விட்டு, நடுக்கம் நின்று, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே அதன் பாலைச் சின்னவனுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டில் பசும்பால் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை சோர்வாகவோ நடையில் மாற்றத்தோடோ இருந்தால், ஆடு என்ன தின்றது என்பதைச் சொல்லி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும்.